சுவீடனின் நீலக் கான்கிரீட்

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஏஏசி (நீராவியில் வேகவைத்த நுரைக் கான்கிரீட்) கல்லை விற்பவர்கள் அதை இன்றைய பசுமைத் தொழில்நுட்பத்தின் சாதனை என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கல்லின் முதல் கலவையிலேயே சாம்பல் இருந்தது; அதைக் கலந்தவருக்குக் கழிவை ஒழிப்பது நோக்கமும் அல்ல. முதல் உலகப் போரை ஒட்டி எரிபொருள் தட்டுப்பாட்டில் தவித்த சுவீடனுக்கு, மரத்தைப் போலக் குளிரைத் தடுத்து, ரம்பத்துக்கும் ஆணிக்கும் இடங்கொடுத்து, ஆனால் மட்காமலும் எரியாமலும் இருக்கும் கட்டுமானப் பொருள் வேண்டியிருந்தது. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்ந்துகொண்டிருந்த கட்டடக் கலைஞர் ஆக்சல் எரிக்சன் 1920களில் அதற்கு வழி கண்டார். சுண்ணாம்பையும் சுட்ட களிப்பாறையின் சாம்பலையும் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம் அலுமினியத் தூளைத் தூவினால், சுண்ணாம்பின் காரம் பட்டு ஹைட்ரஜன் கிளம்பும். கூழ் புளித்த இட்லி மாவாகப் பொங்கும். பாதி இறுகிய பாளத்தைக் கம்பியால் அறுத்து, இரும்புக் கலத்துக்குள் உயரழுத்த நீராவியில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அங்கேதான் சுண்ணாம்பும் சாம்பலின் சிலிக்காவும் கூடிக் கல்லாகின்றன. எடையோ செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

சாம்பலைத் தேடி எரிக்சன் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சுவீடனின் நார்க்கே, வாஸ்டர்யோட்லாந்து பகுதிகளில் படிகாரக் களிப்பாறை கிடைக்கிறது. அதிலுள்ள கரிமப் பொருளால் அது தானே எரியும். அதிலிருந்து படிகாரம் காய்ச்சியதோடு, சுண்ணாம்புக் காளவாய்களில் விறகுக்குப் பதிலாக அதையே எரித்தும் வந்தார்கள். எரிந்து முடிந்த செஞ்சாம்பல் ஊரோரம் மேடாகக் குவிந்தது. ஆக சுண்ணாம்பு, எரிபொருள், சாம்பல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. இக்ஸ்ஹுல்ட் என்ற ஊரில் சுண்ணக்கல் வெட்டிவந்த நிறுவனம் 1929இல் இந்தக் கல்லைத் தயாரிக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. பின்னாளில் யிட்டாங் என்று உலகறிந்தது அந்தத் தயாரிப்புதான். ஆனால் சாம்பல் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது என்பதில்லை. சுவீடனிலேயே 1930களில் வந்த சிப்போரெக்ஸ் மணலையும் சிமெண்டையும் நம்பியது. சாம்பல் மலிவு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் அதற்கிருந்த தகுதி.

அந்த மலிவுக்குப் பின்னால் யுரேனியம் இருந்தது. படிகாரக் களிப்பாறையில் அது மிகுதி. அதன் வழித்தோன்றலான ரேடியம் சுவரில் தங்கி, கதிரியக்க வாயுவான ரேடானை அறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. சுவீடன் ஆய்வாளர் பெங்க்ட் ஹுல்ட்க்விஸ்ட் 1956இல் வெளியிட்ட அளவீடுகள் இதைக் காட்டின. யாரும் பெரிதுபடுத்தவில்லை, தயாரிப்பும் நிற்கவில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் வெப்பத்தைச் சேமிக்கச் சன்னல் இடுக்குகளை அடைத்த பிறகு ரேடான் வீட்டுக்குள்ளேயே தேங்கியது. 1975இல் தயாரிப்பு முடிவுக்கு வந்தபோது சுமார் 3 லட்சம் வீடுகளில் அந்தக் கல் ஏறியிருந்தது. பூச்சைச் சுரண்டினால் தெரியும் நீலச் சாம்பல் நிறத்தால் அதற்கு நீலக் கான்கிரீட் என்றே பெயர். நிறத்தை மட்டும் நம்ப முடியாததால், காமா அளவியைச் சுவரில் வைத்துப் பார்த்து வீடு வீடாக அடையாளம் காண்கிறார்கள்.

குற்றம் கல்லுடையதல்ல, காற்றோட்டத்தைக் குறைத்தவர்களுடையது என்று வாதிடலாம். பாதி சரி. ஆனால் எல்லாச் சன்னலும் எப்போதும் திறந்திருந்தால்தான் பாதுகாப்பு என்னும் சுவரை, அதிலும் குளிர்நாட்டில், நல்ல சுவர் என்று எப்படிச் சொல்வது? களிப்பாறைச் சாம்பலும் நிலக்கரிச் சாம்பலும் ஒன்றா என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஒன்றல்ல. நிலக்கரியில் யுரேனியம் பொதுவாகப் பத்து லட்சத்தில் சில பங்குதான். களிப்பாறையில் அது நூற்றுக்கணக்கில் போகும். பிரிட்டன் 1950களிலிருந்து நிலக்கரிச் சாம்பலில் இதே கல்லைச் செய்துவந்தும் அங்கே நீலக் கான்கிரீட்டுக்கு நேர்ந்த கதி வரவில்லை. ஆகவே ஏஏசி கல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கரி எரிந்து போக, அதிலிருந்த தாதுக்கள் சாம்பலில் செறிகின்றன; எவ்வளவு என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். சாம்பல் என்ற ஒற்றைப் பெயரை வைத்து அதன் குணத்தை முடிவுசெய்ய முடியாது என்பதைத்தான் சுவீடனின் அரை நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது.

இந்தியாவில் 1999 செப்டம்பரில் வந்த அரசு அறிவிக்கை, அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் எடையில் 25 விழுக்காடாவது சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது. மலைபோல் குவியும் சாம்பலைக் குறைக்க அது தேவைதான். ஆனால் அந்தக் கணக்கு மின் நிலையத்தின் கவலையிலிருந்து பிறந்தது. வீட்டில் வாழப்போகிறவரின் கணக்கு வேறு. ஏஏசி கல் வாங்குகிறவர்கள் விலையும் எடையும் விசாரிக்கும்போதே, சாம்பல் எந்த மின் நிலையத்தினுடையது, அதன் ரேடியம் அளவைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.