தாடை எலும்புச் சீழ்நோய்: அறுவை மருத்துவ வரலாறு

தாடை எலும்பில் பாக்டீரியா தொற்று நாள்பட்டு நிலைத்துவிடுவதற்குக் கிருமியின் வீரியத்தைவிட எலும்பின் இரத்த ஓட்டமே பெரிய காரணம். மெல்லிய சுவரும் நிறைய இரத்தக் குழாய்களும் கொண்ட மேல்தாடை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கீழ்த்தாடையின் சுவரோ தடித்தது. அதன் உட்பகுதி பக்கத்துக்கு ஒரே தமனியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. சொத்தைப் பல்லிலிருந்தோ முறிவிலிருந்தோ இறங்கும் சீழ் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி அந்த ஓட்டத்தை நெரிக்கும்போது எலும்பின் ஒரு பகுதி செத்துத் துண்டாகப் பிரிகிறது. இரத்தம் எட்டாத அத்துண்டை மருந்தும் எட்டுவதில்லை. இந்நோய்க்கான அறுவை முறைகள் ஏன் மாறிவந்தன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தாடை எலும்பு சாவதற்கு வேறு காரணமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிலாளர்களின் தாடை வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியால் செத்து அழுகியதை 1845இல் வியன்னாவின் லோரின்சர் பதிவுசெய்தார். நியூயார்க்கில் ஜேம்ஸ் ரஷ்மோர் உட் 1856இல் அத்தகைய ஒரு நோயாளியின் கீழ்த்தாடை முழுவதையும் அகற்றினார். எலும்பைப் போர்த்திய சவ்வை அவர் விட்டுவைத்ததால் அதிலிருந்து புது எலும்பு வளர்ந்தது. ஆனாலும் அந்நோயை ஒழித்தது கத்தியல்ல, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்த 1906ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும் அதையொட்டி வந்த சட்டங்களும்தான்.

பெனிசிலின் வந்தபின் அறுவை எதற்கு என்று கேட்கலாம். 1940களிலிருந்து தாடைச் சீழ்நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது உண்மையே. ஆனால் மருந்து பயன்படுவது எலும்பு சாவதற்கு முந்தைய கட்டத்தில். செத்ததை உயிர்ப்பிக்க அதனால் முடியாது. ஆகவே ஆன்டிபயாட்டிக் காலத்திலும் செத்த துண்டை எடுப்பது நிற்கவில்லை. சூரிச்சின் ஹியூகோ ஒப்வேகேசர் 1960இல் விவரித்த முறையில், தொற்றுக்குள்ளான புறச்சுவரைச் செதுக்கி நீக்கி, இரத்த ஓட்டமுள்ள தசையை உள் எலும்போடு ஒட்டவைக்கிறார்கள். தாடை கெட்டியாக நிற்கும்வரை இதுவே போதும். முழுத் தடிமனும் கெட்டிருந்தால் அப்பகுதியை வெட்டியெடுக்காமல் வழியில்லை.

அந்த இடைவெளியில் இடுப்பெலும்புத் துண்டை வைக்கலாமே எனில், இரத்தக் குழாயின்றி வைக்கும் துண்டு சுற்றியுள்ள திசுவிலிருந்து இரத்தம் பெறும்வரை செத்த எலும்புக்கு நிகர்தான். சீழ் ஊறிய இடத்தில் அதுவே அடுத்த தொற்றுக்கு இருப்பிடமாகலாம். எனவே தொற்று அடங்கும்வரை உலோகத் தகட்டால் தாடையைத் தாங்கிக் காத்திருந்து ஒட்டுப் போடுவது வழக்கமானது. மெல்போர்னின் இயன் டெய்லர் 1975இல் முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய வெளி எலும்பை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்துக் காலிலேயே வேறிடத்தில் பொருத்தியதை வெளியிட்டார். நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ 1989இல் அதே எலும்பைத் தாடை வடிவத்துக்கு வெட்டி வளைக்கும் முறையை விவரித்தார். குழாய்களைக் கழுத்துத் தமனியோடும் சிரையோடும் நுண்நோக்கியின் கீழ் இணைப்பதால் ஒட்டு தன் இரத்தத்தோடே வந்து சேர்கிறது. நீண்ட அறுவை, காலில் ஒரு காயம் என்ற ஆட்சேபம் சரியானதே. சிறிய இடைவெளிக்கு இது தேவையில்லை. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தாடையில், அக்கம்பக்கத் திசுவும் வலுவிழந்திருக்கும் நிலையில், இதைவிட நம்பகமான வழி குறைவு.