தூத்துக்குடியில் மட்டும் ஏன் இத்தனை பர்னாந்து? மோத்தா, மச்சாது, கொரேரா: முத்துக்குளித்துறை குடும்பப் பெயர்களின் கதை

தமிழ்நாட்டுல ஒருத்தர்கிட்ட போய் "உங்க சர்நேம் என்ன?"ன்னு கேட்டா, பெரும்பாலும் ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அப்புறம் அப்பா பேரைச் சொல்வாங்க. நமக்கு இருக்கிறது இன்ஷியல். குடும்பப் பெயர்ங்கிற வழக்கம் இங்கே பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது.

ஆனா தூத்துக்குடி கடற்கரைச் சாலையில ஒரு நடை போய்ப் பாருங்க. கடைப் பலகை, கல்லறைத் தோட்டம், கல்யாணப் பத்திரிகை, இரங்கல் சுவரொட்டி என எங்கே பார்த்தாலும் பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, மிராந்தா, கர்வாலோ, கொரேரா, மோத்தா. லிஸ்பன் நகரத் தெருவுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். பேசுறது மட்டும் சுத்தமான தூத்துக்குடித் தமிழ்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இவர்கள் போர்ச்சுகீசியர்களின் வாரிசுகளா? மோத்தா மாதிரியான பெயர்கள் ஏன் இந்தியாவின் மற்ற ஊர்களில் கண்ணில் படுவதே இல்லை?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரி செய்துவிடுவோம்

"பேர் வெள்ளைக்காரன் பேர், அப்போ தாத்தா வெள்ளைக்காரரா?" என்று இந்த ஊர்க்காரர்களிடம் வெளியூரில் கேட்காத ஆளே இருக்க முடியாது. இல்லை. வேம்பாறு தொடங்கி தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று நீளும் இந்தக் கரையில் இப்பெயர்களைத் தாங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் பரதவர்கள். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் வரும் அதே பரதவர். முத்துக் குளித்தும் சங்கு எடுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த தமிழ்க் கடலோடிகள். பெயர் மட்டும்தான் கப்பலில் வந்தது.

அது வந்த கதை 1530களில் ஆரம்பிக்கிறது.

ஒரு காதணியும் ஒரு குதிரை வியாபாரியும்

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடா முத்து, உலகச் சந்தையில் பெரும் பணம். அந்த முத்துக்குளிப்பை யார் கட்டுப்படுத்துவது என்பதில் பரதவர்களுக்கும் கடலோர முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் போட்டி இருந்தது. பரதவப் பெண் ஒருவர் அவமதிக்கப்பட்டதாகவும், தட்டிக்கேட்ட கணவரின் காது காதணியோடு சேர்த்துப் பிய்க்கப்பட்டதாகவும், அதிலிருந்துதான் பெரிய கலவரம் வெடித்ததாகவும் பாதிரியார்களின் பழைய பதிவுகள் சொல்கின்றன. இரு பக்கமும் உயிர்கள் போயின. காதணி ஒரு சாக்குதான், உள்ளே இருந்தது முத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த நேரத்தில் கன்னியாகுமரிப் பக்கம் வந்தவர் ஜொவாம் தெ குரூஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இவரும் போர்ச்சுகீசியர் இல்லை. கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். சாமூதிரி மன்னர் சார்பில் போர்ச்சுகல் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி, குதிரை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். "கொச்சிக்குப் போங்க. போர்ச்சுகீசியர்கிட்ட பாதுகாப்பு கேளுங்க. கிறிஸ்தவரா மாறினா நிச்சயம் உதவுவாங்க" என்ற யோசனையைச் சொன்னவர் இவர்தான்.

அதன்படி பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். முதலில் ஒரு குழு, பின்னால் இன்னொரு குழு என 85 பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். அதன்பிறகு கொச்சியிலிருந்து குருக்கள் இந்தக் கரைக்கே வந்து, ஊர் ஊராக, சுமார் 20,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1538ல் ராமேஸ்வரத்துக்கு அருகே வேதாளையில் நடந்த சண்டையில் போர்ச்சுகீசியர் ஜெயித்ததும் முத்துக்குளித்துறை அவர்கள் கைக்குப் போனது.

பெயர்கள் நுழைந்தது இந்த இடத்தில்தான். ஞானஸ்நானம் என்றால் புதுப் பெயர் வேண்டும். முதல் பெயருக்குப் புனிதர்கள் இருந்தார்கள்: அந்தோணி, பிரான்சிஸ், கபிரியேல். கூடவே ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுகீசியரின் குடும்பப் பெயரும் சேர்ந்து வந்தது. தலைவருக்கு ஒரு பெயர் கிடைத்தால் அவரைச் சேர்ந்த குடும்பங்களுக்கும் அது போனது. யோசனை சொன்ன குதிரை வியாபாரியின் பெயர்கூட மிச்சமானது. பரதவர்களின் ஜாதித் தலைவருக்கு 'தெ குரூஸ்' என்ற பெயர் வந்து, அந்தத் தலைமைக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது இங்கே கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஜெபம்தான் தெரியவில்லை. அவர் வந்து ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, தானே மனப்பாடம் பண்ணி, சொல்லிக் கொடுத்தார்.

பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

இந்தப் பெயர்களைப் போர்ச்சுகீசிய மொழியில் பிரித்துப் பார்த்தால் ரொம்பச் சாதாரணமான சொற்களாக இருக்கும். நம்ம ஊர் வீட்டுப் பெயர்கள் மாதிரியேதான். மச்சாது என்றால் கோடாரி. சில்வா என்றால் காடு. கர்வாலோ என்றால் ஓக் மரம். குரூஸ் என்றால் சிலுவை. கோஸ்தா என்றால் கரை. கொரேரா என்பது 'கொரெய்யா' என்பதன் கரைத்தமிழ் வடிவம், அதாவது தோல் வார். இலங்கையில் புகழ்பெற்ற பெரேராவின் மூலம் 'பெரெய்ரா', பேரிக்காய் மரம்.

பர்னாந்து மட்டும் கொஞ்சம் தனிக்கதை. போர்ச்சுகீசிய மொழியில் பெர்னாந்தோ என்பது ஆளின் பெயர். 'பெர்னாந்தெஸ்' என்றால் பெர்னாந்தோவின் மகன். அதேபோல ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகெஸ். கோவாவுக்குப் போனால் எல்லாரும் பெர்னாண்டஸ், ரொட்ரிக்ஸ். 'மகன்' ஒட்டோடுதான் இருக்கும். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் பெரும்பாலும் பெர்னாண்டோ, ரொட்ரிகோ. மகன் ஒட்டு இல்லை. ஒருத்தர் கோவாக்காரரா, முத்துக்குளித்துறைக்காரரா என்று கண்டுபிடிக்க இந்தக் கடைசி எழுத்து பல நேரம் போதும். எப்போதும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. தூத்துக்குடியில் 1927ல் பிறந்த நடிகர் சந்திரபாபுவின் முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரொட்ரிகஸ்.

அந்தப் பெயரையே கொஞ்சம் நின்று பாருங்களேன். ஜோசப் புனிதர் பெயர். பனிமயதாஸ், தூத்துக்குடி பனிமய மாதாவின் அடியார். சந்திரபாபு, ஊர் உலகத்துக்குத் தெரிந்த பெயர். ரொட்ரிகஸ், 1530களின் மிச்சம். நாம் 'ஜே.பி.' என்பதை அப்பா பெயரின் இன்ஷியல் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது அவர் பெயரேதான்.

மோத்தா: அரிதான ஒரு பெயர்

இந்தப் பட்டியலில் பர்னாந்து ரொம்பப் பொதுவானது. மோத்தா அப்படியில்லை. போர்ச்சுகல், பிரேசில் நாடுகளில் 'மோட்டா', 'த மோட்டா' என்று இருக்கும் குடும்பப் பெயர்தான் இது. கோட்டை கட்டுவதற்காக எழுப்பப்படும் மண்மேட்டைக் குறிக்கும் சொல். இந்தியாவில் இந்தப் பெயரின் வேர் என்று பார்த்தால் முத்துக்குளித்துறைதான்.

பரதவர்களின் ஜாதித் தலைவர் குடும்பத்துப் பெயர்வரிசையிலும் இது வருகிறது. அந்தத் தலைவர்களின் பெயர்கள் சும்மா இரண்டு சொல்லில் முடியாது. தொன், கபிரியேல், தெ குரூஸ், லாசரஸ், மோத்தா, வாஸ் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும். ஊர் மக்களோ சுருக்கமாக 'பாண்டியபதி' என்றார்கள். பனிமய மாதாவுக்கு 1806ல் தங்கத்தேர் செய்து ஓடவிட்ட பாண்டியபதியைத் 'தேர்மாறன்' என்றே அழைத்தார்கள். போர்ச்சுகீசியப் பெயர் ஆவணத்துக்கு, தமிழ்ப் பட்டம் ஊருக்கு.

வடக்கே வேலைக்குப் போகும் மோத்தாக்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. இந்தியில் 'மோட்டா' என்றால் குண்டு. குஜராத்தியில் பெரியவர். 'மோத்தா' என்றால் கோரைப்புல். வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பே சிரிக்கும் சூழலை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

சரி, மொத்தம் எத்தனை பேர்?

இணையத்தில் 'இந்தப் பெயர் கொண்டவர்கள் இந்தியாவில் இத்தனை பேர்' என்று துல்லியமாக எண் தரும் தளங்கள் நிறைய. அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர் வாரியாக எந்தப் பட்டியலையும் வெளியிடுவதில்லை. அந்தத் தளங்களில் இருப்பது கிடைத்த மாதிரிகளை வைத்துப் பெருக்கிப் போட்ட மதிப்பீடு. தமிழ்நாட்டு விஷயத்தில் அது இன்னும் தடுமாறும். காரணம், வாக்காளர் பட்டியலில் குடும்பப் பெயருக்கென்று நாம் தனியாக எதையும் கொடுப்பதில்லை. எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இல்லை: பர்னாந்து, பெர்னாந்து, பெர்னாண்டோ, பர்னாண்டோ. எங்கள் செய்தி அறையிலேயே ஒரே செய்தியில் ஒரே நபர் இரண்டு விதமாக வந்து, அப்புறம் ஓடிப்போய்த் திருத்தியது உண்டு.

எண் இல்லாவிட்டாலும் பரவல் தெரிகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை, அங்கிருந்து வேலைக்குப் போனதால் சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள். இதைவிட முக்கியமானது கொழும்பு. தூத்துக்குடியிலிருந்து வியாபாரத்துக்காகக் கடல் கடந்து போய்க் குடியேறிய பரதர்கள் அங்கே தனிச் சமூகமாகவே இருக்கிறார்கள். இலங்கை அரசு 2001 கணக்கெடுப்பிலிருந்து அவர்களைத் தனி இனக்குழுவாகக் கணக்கிடுகிறது. மிகச் சிறிய சமூகம்தான். ஆனால் 'மோத்தா' என்றால் அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும், ஜெல்லி பாக்கெட்டில் அந்தப் பெயர் இருப்பதால்!

இலங்கையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அங்கே பெர்னாண்டோ, பெரேரா, சில்வா என்ற பெயரோடு ஏராளமான சிங்கள பௌத்தர்கள் இருக்கிறார்கள். மதம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

டச்சுக்காரர்கள் வந்தும் ஏன் மாறவில்லை?

1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கர்களுக்கு எதிரி. பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதன்பின் ஆங்கிலேயர். மூன்று கொடி மாறியும் பெயர் மாறவில்லை. அதற்குள் அது போர்ச்சுகீசியப் பெயராக இல்லாமல் போய், 'எங்க தாத்தா பேர்' ஆகிவிட்டது என்பதுதான் என் கணிப்பு. நாம் தினமும் சொல்லும் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, ஏலம் எல்லாமே போர்ச்சுகீசியச் சொற்கள்தான். யாராவது அவற்றை அந்நியமாக நினைக்கிறோமா?

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாகவும் இல்லை. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் யேசு சபைக் குரு, 1578ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே அச்சான முதல் நூல். அதற்கான பணத்தைக் கொடுத்தது இந்தக் கரைப் பரதவர்கள். தமிழ் இலக்கியம் படித்த எங்களுக்கு வகுப்பில் நூலின் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். காசு யாருடையது என்று தேர்வில் கேட்டதில்லை.

குடிநீர் விஷயமும் அப்படித்தான். தூத்துக்குடி நகரசபைத் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. நம் காலத்தில் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களை எழுதி, பின்னதற்கு 2013ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய உவரிக்காரர் ஜோ டி குரூஸ். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது அதே குதிரை வியாபாரியின் 'குரூஸ்'.

இன்றைக்கு இந்தப் பெயர் என்ன செய்கிறது?

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் மெல்ல உதிர்ந்தது. பர்னாந்துவும் மச்சாதுவும் சாதிப் பட்டங்கள் அல்ல, அதனால் அவை தப்பித்துக்கொண்டன. ஆனால் உண்மையைச் சொல்லணும்னா, தென் மாவட்டங்களில் இந்தப் பெயரைக் கேட்டதும் எதிராளி மதம், சாதி, ஊர் மூன்றையும் கணக்குப் போட்டுவிடுவார். வீடு வாடகைக்குக் கேட்கும்போது அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்பதைப் பெயர் சுமப்பவர்கள்தான் அறிவார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைக்காமல் வெறும் இன்ஷியலோடு நிறுத்தும் குடும்பங்களும் உண்டு.

அதே பெயர் விமான நிலையத்தில் வேறு மாதிரி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது தமிழர்கள் பதறிப்போனார்கள். அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. குடும்பப் பெயர் கட்டத்தை 'பர்னாந்து' என்று நிரப்பியிருந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் இருந்திருக்காது.

அவர்களுக்கு இருப்பது வேறு தலைவலி. இந்திய பாஸ்போர்ட்டில் இன்ஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா சான்றிதழில் 'பெர்னாண்டோ', மகன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'பர்னாந்து', ஆதாரில் 'பெர்னாண்டஸ்' என்று இருந்தால் மூன்றும் ஒரே வீடு என்று நிரூபிக்க அலைய வேண்டும். பெயர் மாற்றம் செய்து அரசிதழில் வெளியிடுவது ஒரு வழி. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலை வைத்து மற்றவற்றைச் சரி செய்துகொள்வது நல்லது. ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதில் நான்காவது விதமாக ஒன்று எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு.