ஐயம் ஈன்ற அறிவு

வானை நோக்கி வரம் கேட்டோர் உண்டு. குண்டு தேடியோரும் உண்டு! 1963இல் அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை கண்டும், சோவியத் நாடு கள்ளத்தனமாக வெடிக்குமோ என்று ஐயுற்ற அமெரிக்கா, வேலா துணைக்கோள்களை ஏவிற்று. 1967 சூலை 2ஆம் நாள் அவற்றில் பதிந்ததோ, விண்ணின் ஆழத்தில் எழுந்த காமாக் கதிர் வெடிப்பு! 1973 வரை உலகுக்கு அது சொல்லப்படவில்லை.

பிறப்பிடம் எது? நமது பால்வெளியே என்றனர் பெரும்பாலோர். பெரும்பாலோர் சொல்வதால் மெய்யாகிவிடுமா என்று நாம் கேட்பதுண்டல்லவா? விண்ணே விடை தந்தது. காற்று மண்டலம் அக்கதிரைத் தடுப்பதால், 1991 ஏப்ரலில் காம்ப்டன் ஆய்வுக்கூடத்தை விண்ணிலேயே நிறுவினர். ஒன்பதாண்டுகளில் 2,704 வெடிப்புகள்! பால்வெளித் தட்டில் குவியாது, எத்திசையிலும் ஒப்பப் பரவியிருந்தன அவை. 1997இல் வேறு கருவிகள் தொலைவையும் அளந்தன: பல நூறு கோடி ஒளியாண்டுகள்! பழைய கருத்தினர் தோல்வியை ஒப்பினர். எவரும் எவரையும் சபிக்கவில்லை.

சுழல்காட்டி ஒன்று பழுதுற்றதும், மக்கள்மீது விழுந்துவிடலாகாதென்று, 2000 சூன் 4இல் காம்ப்டனைப் பசிபிக் கடலில் வீழ்த்தினர்.