கோனா கடற்கரை

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஆகப் பெரிய தீவின் மேற்கு ஓரம் கோனா. பயணக் கையேடுகள் இதை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கின்றன: குளிக்க ஏற்ற கடற்கரைகள், ஸ்நார்க்கெலிங் செய்யும் இடங்கள், வரலாற்றுச் சின்னங்கள். ஆனால் மூன்றிலும் கேயலகேகுவா, ஹோனௌனௌ, கஹலூ என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. காரணம் நிலத்தில் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை மௌனா லோவா, ஹுவாலாலாய் எரிமலைகள் மறித்துவிடுவதால் இப்பக்கத்துக் கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. கரையோரம் மழை குறைவு; வற்றாத ஆறு கிடையாது; வண்டல் கலக்காததால் நீர் பளிங்காக இருக்கிறது. மலைமேல் பெய்யும் மழை துளைகள் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி, கடலோரத்தில் ஊற்றாகக் கசிகிறது. தோணி ஒதுங்க அமைதியான குடா, பக்கத்திலேயே நன்னீர் என்று இருந்ததால் குலத்தலைவர்கள் இங்கே குடியேறினார்கள். பவளமும் அதே தெளிந்த நீரில்தான் செழித்தது. ஆகவே இக்கரையின் வரலாறும் பவளப்பாறையின் வரலாறும் ஒன்றுதான். இந்நீரில் யார், எப்போது இறங்கலாம் என்ற கட்டுப்பாடுகளே அதன் மையம்.

ஹோனௌனௌவில் இது கண்ணெதிரே தெரிகிறது. 'காபு' எனப்பட்ட விலக்குகளை மீறியவனுக்கு மரண தண்டனை. ஆனால் பிடிபடுமுன் இங்குள்ள புகலிடத்துக்குள் நுழைந்துவிட்டால் பூசாரி சடங்கு செய்து விடுவிப்பார். தலைவரின் குடியிருப்பையும் புகலிடத்தையும் பிரிக்கும் மதில், சுமார் 300 மீட்டர் நீளத்துக்குச் சாந்து பூசாமல் அடுக்கிய எரிமலைக் கற்களால் ஆனது. ஓரத்தில் தலைவர்களின் எலும்புகளைக் காத்த ஹாலே ஓ கெயாவே கோயில், மீண்டும் எழுப்பப்பட்ட வடிவில் நிற்கிறது. தலைவர்களின் தோணிகள் கரையேறிய சிறு குடாவில் இன்றும் ஸ்நார்க்கெலிங் கூடாது. புகலிடத்தை ஒட்டியே, படி போல அமைந்த இரண்டு பாறை விளிம்புகளால் 'டூ ஸ்டெப்' என்று பெயர் பெற்ற இடத்தில் நாள் முழுதும் ஆட்கள் இறங்குகிறார்கள். புகலிடத்தைச் சுற்றி 1955இல் சட்டமாகி 1961இல் நிறுவப்பட்ட தேசிய வரலாற்றுப் பூங்கா, பழைய எல்லைக்கோட்டைத்தான் வேறு சீருடையில் காக்கிறது.

கேயலகேகுவாவில் கதை இன்னும் சிக்கலானது. 1779 ஜனவரியில், லோனோ தெய்வத்துக்குரிய மக்காஹிக்கி பருவத்தில், ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக் இங்கே நங்கூரமிட்டார். ஹிகியாவ் கோயிலில் அவருக்குப் பெரும் மரியாதை நடந்தது. புறப்பட்டவர், பாய்மரம் முறிந்ததால் பிப்ரவரியில் திரும்பினார். படகு ஒன்று திருட்டுப்போக, தலைவர் கலனிஓபுவைப் பிணையாகப் பிடிக்க முயன்று, 14ஆம் தேதி காவலோவா கரையில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1874இல் எழுப்பிய வெள்ளைத் தூண் அங்கே நிற்கிறது. அதன் முன்னால்தான் குடாவின் சிறந்த பவளத்திட்டு. 1969இல் குடா கடல்வாழ் உயிர்க் காப்பு மாவட்டமானது. படகில் வந்து நீந்திவிட்டுத் தூணைப் படமெடுத்துத் திரும்புபவர்களில், ஹிகியாவ் கோயிலுக்கும் காவலோவாவுக்கும் நடுவே செங்குத்தாக எழும் பாறையின் குகைகளில் தலைவர்களின் எலும்புகள் வைக்கப்பட்டதை எத்தனை பேர் அறிவார்களோ!

பழைய கட்டுப்பாடுகளை இப்படிப் பார்ப்பதற்கு ஒரு மறுப்பு உண்டு: காபு, தலைவர்களின் அதிகாரத்தைக் காக்கத்தானே, அதில் இயற்கைப் பாதுகாப்பைத் தேடலாமா? பாதி உண்மை. பெண்கள் ஆண்களோடு உண்ணக்கூடாது என்ற விதியில் பாதுகாப்பு எதுவும் இல்லை. 1819இல் அது உடைந்ததற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் ஓபெலு, அக்கு என்ற இரு மீன்களையும் மாறிமாறி ஆண்டின் ஒரு பகுதியில் பிடிக்கக்கூடாதென்ற விலக்கு, நோக்கம் எதுவானாலும், கடலுக்கு ஓய்வு தந்தது. சமய விலக்குகள் உடைந்த பின்னும் ஊர்க் கண்காணிப்பாளரின் மீன்பிடி உரிமை தொடர்ந்தது. அத்தகைய தனியுரிமைகளை ஒழிக்க முனைந்தது, தீவுகளை இணைத்துக்கொண்ட அமெரிக்கா 1900இல் இயற்றிய சட்டம். அதற்கும் 1969க்கும் இடையில் எழுபது ஆண்டுகூட இல்லை. எவரும் எப்போதும் இறங்கலாம் என்பதைப் பழைய சுதந்திரமாகவும், இன்றைய தடைகளைப் புதிய கெடுபிடியாகவும் பார்ப்பது காலக்கணக்கைத் தலைகீழாக்குவது. பயணிகள் இல்லாவிட்டால் இவற்றைக் காக்கப் பணம் ஏது என்பது இன்னொரு வாதம். பணம் தேவைதான், ஆனால் சன்ஸ்கிரீன் பூசிய உடல்களும் பவளத்தை மிதிக்கும் துடுப்புக் காலணிகளும் அதே கூட்டத்தோடுதான் வருகின்றன. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு 2021 ஜனவரியில் தடை வந்தது. அதே ஆண்டு, சுழல் ஓங்கில்களை 50 கெஜத்துக்குள் நெருங்குவதும் விலக்கப்பட்டது.

கஹலூவில் அலையை அடக்க முன்னோர் போட்ட கல்வரிசை சிதைந்த நிலையில் இன்னும் கிடக்கிறது. கரையில் அலைச்சறுக்கோடு தொடர்புடைய குவேமனு கோயில் இருக்கிறது. 2015இல் கடல் சூடேறி மேற்கு ஹவாயின் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. பிழைத்த காலிஃபிளவர் பவளங்கள் மே மாதப் பௌர்ணமிக்குப் பிந்தைய சில நாட்களில், விடிந்த சிறிது நேரத்தில், முட்டையையும் விந்தையும் புகைபோல் நீரில் விடுகின்றன. அந்த நாட்களில் குடாவில் யாரும் இறங்காதபடி அடைத்துவிடுகிறார்கள்.