வேட்டை உரிமத்திலிருந்து கூண்டு வரை: புணே சிறுத்தைகளும் மாறிய சட்டமும்

தேஹு ரோடு (புணே): கரும்புத் தோட்டத்தில் சிறுத்தையைப் பிடிக்க வனத் துறை வைக்கும் கூண்டும் சட்டத்தின் பார்வையில் 'வேட்டை'தான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டுமன்றி பிடிப்பது, கண்ணி வைப்பது, நஞ்சிடுவது ஆகியவற்றையும் அச்சொல்லில் அடக்குகிறது. தேஹு ரோடு அமைந்துள்ள புணே மாவட்டத்தின் ஜுன்னர், ஆம்பேகாவ், சிரூர் வட்டங்களில் மனிதர்களும் சிறுத்தைகளும் ஒரே வயல்வெளியில் வாழ்வதால், இந்த விளக்கம் அங்கு அன்றாடப் பிரச்னையாகியுள்ளது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பெருவிலங்கு வேட்டை என்பது மன்னர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய கௌரவமாக இருந்தது. கொரியா சமஸ்தான மன்னர் 1947-இல் 3 சிவிங்கிப் புலிகளைச் சுட்டார். நாட்டில் எஞ்சியிருந்த கடைசி சிவிங்கிகளாக அவை கருதப்படுகின்றன. 1952-இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்துடன் வேட்டை முற்றிலும் முடிந்துவிட்டது என்பது பரவலான எண்ணம். அது சரியல்ல. கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி போன்றவை அச்சட்டத்தின் 3-ஆவது அட்டவணையில் 'பெருவேட்டை விலங்குகள்' என்றே இடம்பெற்றிருந்தன. அவற்றை வேட்டையாட உரிமம் பெற முடிந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே உரிம முறையை ஒழித்தது.

அதன்பிறகு துப்பாக்கியின் இடத்தைக் கூண்டு பிடித்தது. ஆனால், கூண்டும் எளிய தீர்வாக அமையவில்லை. ஓராண்டுக்கும் மேலாக வயலில் நிற்கும் கரும்பு சிறுத்தைக்கு மறைவிடமாகிறது. ஊர் நாய்களும் ஆடுகளும் இரையாகின்றன. குட்டிகளும் அங்கேயே பிறக்கின்றன. ஜுன்னர் வனக் கோட்டத்தில் பிடிபட்ட சிறுத்தைகளை வேறு காடுகளில் விடும் முறை 2001-இல் தீவிரமானது. அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், அதன்பின் 17 ஆக உயர்ந்ததை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. பழகிய இடத்தை இழந்த விலங்கு புதிய இடத்தில் கூடுதல் ஆபத்தாகலாம் என்பது அந்த ஆய்வு தந்த எச்சரிக்கை. இப்போது பிடிபடும் சிறுத்தைகளில் சில, ஜுன்னர் அருகேயுள்ள மாணிக்டோஹ் மீட்பு மையத்தில் ஆயுள் முழுவதும் அடைபட்டு வாழ்கின்றன. அறுவடையின்போது கிடைக்கும் குட்டிகளைத் தாயுடன் சேர்க்கும் பணியும் நடைபெறுகிறது.

சிறுத்தை, புலி போன்ற முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே உண்டு. பிடிக்கவோ, மயக்க ஊசி செலுத்தவோ, இடம் மாற்றவோ இயலாது என அவர் முடிவுக்கு வர வேண்டும். காரணத்தை எழுத்து வடிவில் பதிவு செய்யவும் வேண்டும். யவத்மால் மாவட்டத்தில் அவ்னி என்ற பெண் புலி 2018 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அப்பணியில் தனியார் வேட்டைக்காரர் பங்கேற்றது பெரும் சர்ச்சையானது. நீலகிரியில் டி-23 புலி, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் மசினகுடி அருகே உயிருடன் பிடிபட்டது.

விலங்கு நேருக்கு நேர் தாக்கும்போது தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் அதைக் கொல்வது குற்றமாகாது. எனினும், அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்தாகும். தோலோ பல்லோ நகமோ கொன்றவருக்குச் சேராது.