பிணைக் காப்பீடு

ஒப்பந்ததாரர் வேலையை முடிக்காமல் விட்டால், வேலை கொடுத்தவருக்கு இழப்பீடு தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் எழுதித் தரும் உறுதி. ஆங்கிலப் பெயர் ‘ஷ்யூரிட்டி பாண்ட்’. இதன் சட்ட வேர் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு.

செஞ்சி வழியே செல்லும் திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையின் விரிவாக்கம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை இவ்வூரார் அறிவர். பாதியில் நிற்கும் சாலையின் விலையைப் பயணிகளே கொடுக்கிறார்கள். அதனால்தான் அரசு பிணை கேட்கிறது.

செஞ்சியில் ஒரு கோடி ரூபாய்ச் சாலைப் பணி எடுப்பவரிடம் 5 விழுக்காடு பிணை கேட்டால், அது 5 லட்சம். அதை வங்கி உத்தரவாதமாகத் தர, அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வைப்பாகக் கட்ட வேண்டியிருக்கும். ஜல்லிக்கும் தாருக்கும் ஆள் கூலிக்கும் வேண்டிய பணம் அங்கே முடங்கும். சிறு ஒப்பந்ததாரரை நசுக்குவது இதுதான். பிணைக் காப்பீட்டில் பிரீமியம் கட்டினால் போதும். பெரும்பாலும் பெரிய வைப்பு வேண்டாம். ஆனால் பிரீமியம் திரும்பி வராது.

பிணைக் காப்பீட்டுக்கான காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பஜாஜ் அலையன்ஸ் நாட்டின் முதல் பிணைக் காப்பீட்டுப் பத்திரத்தை அறிமுகப்படுத்தியது.

பெயரில் காப்பீடு இருந்தாலும், பாதுகாப்பு வேலை கொடுத்தவருக்கே. நிறுவனம் கட்டிய இழப்பீட்டை ஒப்பந்ததாரரிடமே வசூலிக்கும். கையெழுத்திடுமுன் அந்த நிபந்தனையையும், டெண்டர் ஆவணம் இப்பத்திரத்தை ஏற்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.