பருவமா, பொழுதா?

சென்னைக்கு மூன்றே பருவங்கள்தான். கோடை, கடுங்கோடை, கொடுங்கோடை என்று வெளியூர்க்காரர்கள் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு. டில்லியிலிருந்து மாற்றலாகி வருகிறவர் வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே இதைக் கற்றுக்கொண்டு விடுகிறார். நாமும் விருந்தாளியின் மனம் நோகக்கூடாதே என்று சிரித்து வைக்கிறோம்.

ஆனால் உஷ்ணமானியின் சாட்சியத்தைக் கேட்டால் சமாச்சாரம் வேறு மாதிரி இருக்கிறது. சென்னையில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணத்துக்கும் மே மாதத்துச் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் 8 டிகிரிகூடத் தேறாது. டில்லியில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே கிட்டத்தட்ட 20 டிகிரி. நுங்கம்பாக்கத்தில் பதிவான குறைந்தபட்ச உஷ்ணம் 13.9 டிகிரி, அது 1895-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில். டில்லியில் ஒரு ஜனவரிக் காலை அப்படி விடிந்தால், "இன்றைக்குக் குளிரே இல்லையே!" என்று கம்பளியைக் கழற்றி வைப்பார்கள். 2003-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி இங்கே 45 டிகிரி கொளுத்தியது வாஸ்தவம்தான். ஆனால் அது நூறு வருஷக் கணக்கில் ஒரு நாள். மற்ற நாட்களில் கடல் நம்மை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதிகம் சாய விடுவதில்லை. மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிர்கிற அந்தப் பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகில் நாம் குடியிருக்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரில், "உங்களுக்கு எந்தப் பருவம் பிடிக்கும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கேள்வி சாதாரணமானது. பதிலில் மட்டும் இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

தமிழர்கள் வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எதை முதலில் வைத்தார்கள் என்று பாருங்கள். வடமொழிக்காரர்கள் வசந்தத்தை முதலில் வைத்தார்கள். தமிழர்கள் மழையை முதலில் வைத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பொருள் தேடவோ போருக்கோ போன தலைவன் கார் காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குவான். வானத்தில் முதல் மேகம் கூடியதும் அவள் வாசலைப் பார்க்க ஆரம்பிப்பாள். மழை வந்தால் ஆள் வீடு திரும்ப வேண்டும் என்பது நம்முடைய பழைய ஏற்பாடு.

கூதிரில் வாடைக் காற்று அடித்தால் ஊர் எப்படி ஒடுங்கிப் போகும் என்பதை நக்கீரர் 'நெடுநல்வாடை'யில் எழுதி வைத்திருக்கிறார். கோடையில் ஓய்வில்லாமல் வீசிய வட்ட விசிறி சுருக்கி மாட்டப்பட்டு, அதன்மேல் சிலந்தி நூல் பின்னிக்கொண்டு தொங்குகிறது என்று ஒரு காட்சி. எனக்கு அந்த விசிறியின் மேல் தனிப் பிரியம். இன்றும் நவம்பர் மாதத்தில் என் அறையில் குளிர்சாதனப் பெட்டி அப்படித்தான் சும்மா கிடக்கிறது.

இந்தப் பிரிவினையில் இன்னொரு ஸ்வாரஸ்யம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஏற்ற பெரும்பொழுதைச் சொல்லிக்கொண்டு வரும் தொல்காப்பியர், முல்லைக்குக் கார் என்கிறார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்கிறார், பாலைக்கு வேனில். கடற்கரைக்கு வரும்போது பருவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எற்பாடு என்று ஒரு சிறுபொழுதை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போய்விடுகிறார். எற்பாடு என்றால் பகலின் பிற்பகுதி, வெயில் சாயும் வேளை என்பது நச்சினார்க்கினியர் உரை. பருவம் குறிக்காததால் ஆறு பருவங்களும் நெய்தலுக்கு உரியவையே என்று பின்னால் வந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள்.

இலக்கண ஆசிரியர் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கடலோரத்தில் ஒரு மாதத்துக்கும் மறு மாதத்துக்கும் உள்ள பேதத்தைவிட, பகல் ஒரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் உள்ள பேதம்தான் பெரிது. உச்சி வெயிலில் தரை சூடேறி, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக் காற்று புறப்பட்டு வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக எதிர்த்து நின்றால் அது வர நேரமாகும். சில நாள் வராமலே போய்விடும். அன்றைக்கு ஊர் முழுவதும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். வந்துவிட்டாலோ, காலையில் சண்டை போட்ட தம்பதிகள்கூட மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இனி, இதே காற்றையும் மழையையும் வேறொரு கண் கொண்டு பார்த்தவர்களின் கதை.

1639-இல் பிரான்சிஸ் டே இந்த மணல்வெளியில் கம்பெனிக்கு இடம் வாங்கினார். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் நம்முடைய கடலோர ஜனங்கள் அலையைத் தாண்டிப் போய்த் துரைமார்களையும் மூட்டைகளையும் கரை சேர்ப்பார்கள். அடைக்கலம் இல்லாத அந்தத் திறந்த கடலில் ஐப்பசி மாதம் என்றால் கப்பல் தலைவர்களுக்குக் குலை நடுக்கம். அக்டோபர் மத்தியிலிருந்து டிசம்பர் மத்தி வரையில் கப்பல்கள் இங்கே நிற்காமல் விலகிப் போய்விடுவது வழக்கமாயிற்று.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிடித்த ஊரைப் பணத்துக்குத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரிக் கவர்னர் துய்ப்ளேக்கும் தகராறு. கடிதங்கள் பறந்தன. தகராறில் நாட்கள் கழிந்து அக்டோபர் வந்துவிட்டது. 13-ஆம் தேதி இரவு புயல் அடித்தது. சில கப்பல்கள் மூழ்கின. மிச்சமிருந்தவற்றில் பல பாய்மரம் இழந்து தத்தளித்தன. நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டார்கள். வெற்றி வீரர் சில நாட்களில் மிச்சக் கப்பல்களோடு ஊரை விட்டே போனார். இங்கிலீஷ்காரர்களின் பீரங்கியால் முடியாததை ஓர் ஐப்பசி இரவு செய்துவிட்டது.

நூற்றுமுப்பது வருஷம் கழித்து, இனிக் கடலுக்குப் பயப்படுவதில்லை என்று தீர்மானித்துக் கல்லைக் கொட்டித் துறைமுகச் சுவர் எழுப்பினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், மற்றொரு புயல் வந்து அந்தச் சுவரை வாரிக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினார்கள்.

மழைக்கு இப்படி என்றால் வெயிலுக்கு வேறு உபாயம். வெள்ளைக்காரர்களுக்கு மே மாதம் எதிரி. 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிப் போய் அந்தக் குளிரைக் கண்டு சொக்கிப் போனார். 1870 முதல் கோடையில் சர்க்கார் முழுவதும் பெட்டி படுக்கையோடு ஊட்டிக்கு மலையேறுவது அதிகாரபூர்வமான ஏற்பாடாயிற்று. மலையேற முடியாதவர்களுக்காக அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி வந்தது. பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர், குளங்களில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதனால் இப்போது விவேகானந்தர் இல்லம்.

அதே மே மாதத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? இளவேனில்! சித்திரையும் வைகாசியும் வசந்தம். கோயில்களில் அப்போதுதான் வசந்தோற்சவம். ஊட்டிக்குப் போக வேண்டியவர் என்று அவர்கள் நினைத்த வேளையில், நாம் சுவாமியை நீராழி சூழ்ந்த மண்டபத்தில் எழுந்தருளப் பண்ணி, சந்தனம் சார்த்தி, நீர்மோரும் பானகமும் விநியோகித்தோம். வேப்பம்பூவும் மாவடுவும் மல்லிகையும் வருகிற காலத்தை எப்படி வெறுப்பது? வெயில் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். அதோடு வாழ்ந்த விதம் வேறு.

நம்முடைய இன்றைய விருப்பு வெறுப்புகளில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு துரைமார் விட்டுச் சென்றது என்பதுதான் என் கேள்வி. மே மாதத்தில் இன்றும் ஹைகோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனால்தான் விடுமுறை கழிந்ததாக அர்த்தம். இந்த வழக்கங்களில் தவறு ஒன்றும் இல்லை, நானும் போகிறவன்தான். டிசம்பர் மாதம் நமக்குப் பிடித்துப்போன கதையும் அவ்வளவு பழையதல்ல. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதை ஒட்டி ஒரு சங்கீத மகாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-இல் சங்கீத வித்வத் சபை பிறந்தது. நாளடைவில் மார்கழி என்றால் கச்சேரி என்று ஆகிவிட்டது. மழை ஓய்ந்து, புழுக்கம் இன்னும் தொடங்காத அந்த நாட்களில் பட்டுப் புடவை கசகசக்காது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் விசிறி தேடவேண்டாம். சென்னைவாசிக்குப் பிடித்த பருவம் எது என்று வாக்கெடுத்தால் மார்கழி ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆனால் இந்த மார்கழிப் பிரியத்தின் நிழலில் ஒரு விபரீதம் வளர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களை நாம் வெறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் கப்பல் தலைவனைப் போல நமக்கும் குலை நடுக்கம். கப்பல் தலைவனாவது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நாம் எங்கே போவது?

நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம். "மழை வராத ஐப்பசி, மாப்பிள்ளை வராத தலை தீபாவளி மாதிரி" என்பாள் என் பாட்டி. சம்பா நட்டவர்களின் பேச்சு அது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் பாதி சாய்ந்துவிட்டது. குழந்தை போல வளர்த்த மரங்கள். மறு வருஷம் ஐப்பசியில் அவர் திண்ணையில் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கா, சித்தப்பா?" என்று கேட்டேன். "பயம் இல்லாம என்னடா? ஆனா அது வராட்டி அதைவிடப் பயம்" என்றார்.

சென்னைக்கும் இந்த இரண்டு பயங்களும் வந்து போய்விட்டன. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய அடைமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாற்றின் கரையில் முதல் மாடி வரை தண்ணீர். நாலு வருஷம்கூட ஆகவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பனிக்கட்டி கப்பலில் வந்த ஊருக்குக் குடிதண்ணீர் ரயிலில் வந்தது!

வருஷத்தில் பெய்கிற சுமார் 140 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில்தான் விழுகிறது. அதைத் தேக்கி வைப்பதற்கென்று முன்னோர்கள் வெட்டிய ஏரிகளில் எத்தனையோ இன்று நகர்களாகிவிட்டன. ஏரி என்று முடிகிற பேட்டைகளின் பெயர்களை எண்ணிப் பார்த்தால் போதும். மழையை விருந்தாளியாக நினைத்தவர்கள் அதற்கு வீட்டில் இடம் ஒழித்து வைத்தார்கள். சனியன் என்று நினைக்கிற நாம் அதன் படுக்கையிலேயே வீடு கட்டிக்கொண்டு, வந்துவிட்டதே என்று அழுகிறோம்.

ஆகவே, எனக்குப் பிடித்த பருவம் எது என்று கேட்கிறவர்களுக்கு நான் ஐப்பசி என்றே பதில் சொல்கிறேன். அது சுகமான பருவம் என்று சாதிக்க வரவில்லை. துணி காயாது, தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் போகும், கொசு வரும். மற்ற பதினோரு மாதத்துச் சுகமும் அந்த மாதத்தின் தயவு என்பதால் சொல்கிறேன்.

பிடித்த பொழுது எது என்று கேட்டால் மட்டும் தொல்காப்பியர் கட்சிதான். 1884-இல் கவர்னர் கிராண்ட் டப், பலெர்மோ நகரத்துக் கடற்கரையை நினைத்து, இங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். அப்போது அலை பாதைக்கு வெகு சமீபத்தில் இருந்தது. புயலுக்குப் பயந்து கட்டிய துறைமுகச் சுவர், தெற்கிலிருந்து கடல் இழுத்து வரும் மணலைத் தடுத்து நிறுத்தி, வருஷா வருஷம் மணல் சேர்ந்து, நாம் இன்று சுண்டல் கொறிக்கிற அகன்ற கடற்கரையாயிற்று. சுவருக்கு வடக்கே ராயபுரத்துப் பக்கம், வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்துச் சுகத்துக்கு மறு பக்கத்தில் யாரோ விலை கொடுக்கிறார்கள்.

மாலையில் அந்த மணலில் உட்காருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடற்காற்று பருவம் பார்த்து வீசுவதில்லை, எல்லோருக்கும் வீசுகிறது. ஐப்பசியில் மழை நல்லபடியாகப் பெய்திருந்தால், அந்தக் காற்றை வாங்கிவிட்டு வீடு திரும்பும்போது குழாயில் தண்ணீரும் வரும்.